முதலில் தூக்குவது உள் சக்கரம்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதற்கு முந்தைய ஆண்டு, ஐப்பசி முதல் வாரத்தில், என் மனைவியின் தம்பி இடது கணுக்காலில் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று புதன்கிழமை. என் மனைவி செவ்வாய் என்கிறாள். ஆஸ்பத்திரிச் சீட்டு என் பக்கம் இருக்கிறது. நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். ஒரு தேதி ஒரு நாள் தள்ளிப் பதிவானால் அண்ணன் தம்பிக்குள் எத்தனை வருடம் பேச்சு நின்றுபோகும் என்பதைப் பதிவு அலுவலக வாசலில் உட்கார்ந்து பார்த்தவன். அந்தப் பழக்கத்தில் வீட்டு நடப்புகளையும் நாள் வாரியாகக் குறித்து வைக்கிறேன். இங்கே சொல்வது பெரும்பாலும் அந்தக் குறிப்புகளிலிருந்து எடுத்தது.

மச்சான் பன்னிரண்டு வருடமாக வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஜீப் அவருடையதல்ல. வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாளுடையது. புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, உள்ளே ஆறு பேர், மேல் கம்பியில் எட்டு மூட்டை சாமையோடு இறங்கிவரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. தடுப்புச் சுவர் தாங்கியதால் பள்ளத்துக்குள் போகவில்லை. அந்த அம்மாளின் பக்கத்து வீட்டுக்காரப் பெண்ணுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மச்சானின் கால் பெடல்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே மச்சான் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "சொல்லாம கொள்ளாம கவுந்துட்ச்சி மாமா." ஜீப்பின் சொந்தக்கார அம்மாளிடமும் அவர் அதையேதான் சொல்லியிருந்தார். வளைவில் வேகம் இல்லை, வண்டி எந்த அடையாளமும் காட்டவில்லை, அடியில் ஏதோ கோளாறு. அவர் பேச்சை நம்பி அந்த அம்மாள் அடியில் பாரம் தாங்கும் கமான் பட்டைகளை எல்லாம் மாற்றினார். ஆனால் முழுதாக நம்பவில்லை. தை பிறக்கும் வரை வண்டியை மூடி வைக்கிறேன், அதற்குள் இவன் மேல் எனக்கு நம்பிக்கை வந்தால் சாவி இவனுக்கு, இல்லாவிட்டால் சின்னசேலத்துக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார். மலையில் ஜீப் ஓட்டுபவருக்கு ஒரு வண்டி கைவிட்டுப் போனால் இன்னொன்று கிடைப்பது அரிது. கவிழ்த்தவர் என்ற பேர் அவருக்கு முன்னால் போய் எல்லா வாசலிலும் நிற்கும்.

இனி ஒரு காரைப் பற்றி. என் மகன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ரிமோட்டில் ஓடும் கார் ஒன்றை வாங்கினான். கடைத்தெருவில் தொங்கும் பொம்மை இல்லை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த நீளம். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங், அதற்குள் எண்ணெய் நிரப்பிய சிறு குழாய், திருகித் திருகி மாற்றக்கூடிய ஸ்டீயரிங் கம்பிகள். அங்கே ஓட்ட இடமில்லை என்று எங்கள் வீட்டில் விட்டுப்போனான். வீட்டுக்குப் பின்னால் என் பங்காளி மக்காச்சோளம் காயவைக்கும் சிமெண்ட் களம் இருக்கிறது. களம் காலியாக இருக்கும் ஞாயிறுகளில் நான் அங்கே ஓட்டிப் பார்ப்பேன். ஐம்பத்தொரு வயதில் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கருத்து. என் மனைவியின் கருத்து வேறு.

காருக்கு இரண்டு குறைகள் இருந்தன. நேராக விட்டால் இடது பக்கம் இழுத்தது. வளைவில் திருப்பினால் குப்புற விழுந்தது. நான் நிறையப் படித்துவிட்டு, கெட்டியாக இருந்தால் ஆடாது, ஆடாவிட்டால் விழாது என்று முடிவுகட்டி, ஸ்பிரிங்குகளை முழுக்க இறுக்கி, குழாய்களில் கெட்டி எண்ணெய் ஊற்றினேன். அதன்பின் அது விழுவதோடு குதிக்கவும் செய்தது.

களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு, கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்த மச்சான் அன்றைக்குத்தான், வந்த பன்னிரண்டாம் நாள், முதல் தடவையாகச் சிரித்தார்.

"இன்னா மாமா, இது காரா தவளயா?"

நான் ரிமோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. காரைக் கொண்டுவரச் சொன்னார். குந்த முடியாது என்பதால் சிமெண்ட் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, காரின் முன்சக்கரங்களைக் கண் மட்டத்தில் பார்த்தார். உள்ளங்கையால் காரை அழுத்தி, விட்டு, அது எழும்புவதைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். கால் மணி நேரம் இதே வேலை. பிறகு தன் அக்காவிடம் தையல் நூல் கேட்டு வாங்கி, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தார். இடது முன்சக்கரம் நூலை விட்டு அரிசி மணியளவு விலகி நின்றது. அந்தப் பக்கத்து ஸ்டீயரிங் கம்பி மற்றதைவிட இரண்டு திருகு நீளம். நான் மூன்று மாதமாக ரிமோட்டில் உள்ள குமிழைத் திருப்பி அந்த இழுப்பைச் சரிக்கட்டி வந்தேன்.

"கோளாறு கால்ல இருக்குது, நீங்க கைய வச்சி மறச்சிக்கினு இருக்கீங்க," என்றார்.

அந்த வாக்கியத்தை அன்றைய பக்கத்தில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

அவரும் எடுத்தவுடன் எல்லாம் சரியாகச் செய்துவிடவில்லை. இழுப்பு போனதும் விழுவதைக் கவனித்தோம். அவர் பஞ்சர் கடையிலிருந்து ஈயத்துண்டுகள் வரவழைத்துக் காரின் மூக்கில் ஒட்டினார். மலை ஏறும் ஜீப்பில் ஆட்கள் ஏறும்போது இரண்டு கனத்த ஆட்களைத் தேடிப்பிடித்து முன்சீட்டில் உட்கார வைப்பது வெள்ளிமலை ஓட்டுநர்கள் வழக்கம். முன்பக்கம் லேசானால் ஏற்றத்தில் ஸ்டீயரிங் பிடிக்காது. பன்னிரண்டு வருட வழக்கத்தைக் காரிலும் செய்தார். முன்சக்கரங்கள் தரையைக் கவ்விப் பிடித்தன. பின்பக்கம் வீசிக்கொண்டு வந்து, கார் முன்னைவிட அழகாகக் கரணம் அடித்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இது சமதரையில் ஓடும் வண்டி, இதற்கு மலைப் புத்தி ஆகாது என்று தானே சொல்லி, ஈயத்தைப் பிய்த்தெடுத்தார். தப்பு செய்தால் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்பவர்களை நான் அலுவலக வாசலில் கண்டதில்லை.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுதிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்ற விதி என்னுடையது. அதை என்னைவிடக் கறாராக அவர் பிடித்துக்கொண்டார். களத்தில் சோள உமி கிடந்தால் சக்கரம் வழுக்கும், பெருக்கினால் பிடிக்கும், ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் ஒரே விளக்குமாற்றால் ஒரே மாதிரி பெருக்க வேண்டும் என்றார். பெருக்கும் வேலை எனக்கு. கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. பதினொரு நாள் களம் ஈரம். அந்த நாட்களில் அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து குழாய்களைக் கழற்றி என் கெட்டி எண்ணெயைச் செய்தித்தாளில் வடியவிட்டு, மெல்லிய எண்ணெய் ஊற்றினார். ஸ்பிரிங்குகளைத் தளர்த்தினார். மேல்தட்டில் இருந்த பேட்டரியை இறக்கி, அடித்தகட்டோடு சைக்கிள் டியூப் பட்டையால் கட்டினார். முன் டயர்களின் வெளி விளிம்பில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். கவ்வுவதற்குப் பதில் கொஞ்சம் வழுக்கட்டும் என்றார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, மழை விட்ட நாட்களில் ஓட்டிப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போனார்.

கார்த்திகை கடைசி ஞாயிறு மாவுக்கட்டு பிரித்து ஐந்தாம் நாள். அன்று காரைக் களத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு முழு வேகத்தில் விட்டு, அங்கே வளைத்து, திரும்பக் கொண்டுவந்தார். கார் வளைவில் வெளிப்பக்கம் மெல்லச் சாய்ந்து, சாய்ந்தபடியே வழுக்கித் திரும்பி, நிமிர்ந்து வந்தது. இருபது தடவை. ஒரு தடவைகூட விழவில்லை. என் மனைவி கொல்லைக் கதவருகே நின்று பார்த்துவிட்டு, "எந்தம்பி கைல எது போனாலும் ஒழுங்கா ஓடும்" என்றாள். பிறகு ஜீப் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம்தான் மச்சான் அந்த யோசனையைச் சொன்னார். இந்தக் காரின் மேல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்க்கலாம். மேல்பாரம் இருந்தால் மெதுவாகப் போனாலும் வண்டி கவிழும் என்று கண்ணுக்கு நேராகக் காட்டிவிட்டால், வேகமாக வரவில்லை என்று அவர் சொன்னது அந்த அம்மாளுக்கு விளங்கும். சாவி கிடைக்கும்.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. என் மனைவி பழைய ஜாக்கெட் துணியில் எட்டுச் சின்னப் பைகள் தைத்து, அவற்றில் சாமையே நிரப்பினாள். ஜீப்பின் எடைக்கு மூட்டைகளின் எடை என்ன விகிதமோ அந்த விகிதம் காரிலும் வரும்படி கணக்கிட்டு நிறுத்தேன். காரின் மேல் கம்பி வளைத்து ஒரு தாங்கி செய்தோம். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப்போய் அந்த வளைவை டேப் பிடித்து அளந்து வந்தோம். மச்சான் தடி ஊன்றி நின்றார், நான் சாலையில் குனிந்து அளந்தேன், போனவர்கள் வந்தவர்கள் எல்லாம் ரோடு அகலப்படுத்தப் போகிறார்களா என்று கேட்டார்கள். களத்தில் சாக்பீஸால் அந்த வளைவை வரைந்தேன். சின்ன வண்டியின் வேகத்தைப் பெரிய வண்டியின் வேகமாக மாற்றிச் சொல்ல முடியாது என்பதை அப்போதே நோட்டில் எழுதி வைத்தேன். எது முதலில் நடக்கிறது, எது பிறகு நடக்கிறது என்பதை மட்டுமே இதில் பார்க்கலாம்.

மார்கழி முதல் ஞாயிறு. பாரம் இல்லாமல் ஓட்டினார். நன்றாகத் திரும்பியது. எட்டுப் பையையும் ஏற்றி அதே வேகத்தில் ஓட்டினார். வளைவில் கவிழ்ந்தது. நான் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மச்சான் முடிக்கவில்லை. தரையில் படுத்துக்கொண்டார். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வளைவின் உள்பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தபடி மறுபடி மறுபடி ஓட்டினார். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கார் விழவில்லை. ஆனால் உள்பக்கத்துப் பின்சக்கரம் ஒரு நூல் அளவு தரையைவிட்டு எழும்பி, மறுபடி உட்கார்ந்தது. அதைவிடச் சிறிது வேகம் கூட்டினால்தான் விழுந்தது. பதினொரு தடவை ஓட்டினார். பதினொரு தடவையும் அப்படியே. கடைசியில் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். கேட்டதற்குக் கால் வலிக்கிறது என்றார்.

அடுத்த இரண்டு நாள் அவர் களத்துப் பக்கம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், நான் சாப்பிட வந்தபோது, என் எதிரில் தட்டோடு உட்கார்ந்து பேசினார்.

"மாமா, ஐப்பசில இந்தக் காரு எப்பிடி வுயுந்துச்சி? சொல்லாம வுயுந்துச்சி இல்ல?"

ஆமாம் என்றேன்.

"இப்ப ஒழுங்கு பண்ணப்புறம்?"

"உள் சக்கரம் தூக்குது."

"நல்லா இருக்கற வண்டி சொல்லாம கவுறாது மாமா. அந்த ஜீப்பு நல்ல வண்டி. பன்னண்டு வருசம் நான்தான பாத்தேன். அன்னிக்கி அதுக்கு முந்தின வளவுலயே பின்னாடி ஒரு பக்கம் லேசாச்சி. ஸ்டீயரிங்குல தெரிஞ்சிது. பஸ் வர்றதுக்குள்ள கீய போனா ஏத்தத்துக்கு ஆளு ஜாஸ்தி கெடைக்கும்னு நெனச்சிக்கினு வந்தேன். இத்தினி நாளு எனக்கே அது நெனப்புல இல்ல. சத்தியமா இல்ல. சக்கரம் தூக்கறத பாத்ததும் வந்துட்ச்சி."

நான் அப்போது சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன், பெருமைக்காக அல்ல. கவிழ்ந்த ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். பாரம் இல்லாமல் ஒன்று, பாரத்தோடு ஒன்று. இரண்டும் பொய்யில்லை. மூன்றாவதைக் காட்ட வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பத்திரத்தில் எழுதாதது பொய்யாகாது என்று என் தொழிலில் ஒரு வசதி உண்டு.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. "வண்டி மேல பழி கெடக்குது மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மார்கழி கடைசி வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வெள்ளிமலைக்குப் போனோம். கார் என் மடியில், பைகள் அவர் மடியில். மளிகைக் கடைக்கு முன்னால் சிமெண்ட் போட்ட இடம் களத்தில் பாதி இருக்கும். நான் வளைவை வரைந்து முடிப்பதற்குள் ஜீப் ஸ்டாண்டிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். பெரிய வண்டி போய் இப்போது சின்ன வண்டியா, இதற்கு லைசென்ஸ் வேண்டாமா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் மேலே உட்கார இடம் இருக்கிறதா என்று கேட்டார். மச்சானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். கடைக்கார அம்மாள் கல்லாவை விட்டு எழுந்து வந்து படியில் நின்றார்.

பாரம் இல்லாமல் ஓட்டினார். பேச்சு நின்றது. இவ்வளவு வேகத்தில் இவ்வளவு அமைதியாகத் திரும்பும் ஒன்றை வண்டி தெரிந்தவர்கள் பார்த்தால் கேலி செய்ய மாட்டார்கள். பைகளை ஏற்றி ஓட்டினார். கவிழ்ந்தது. பார்த்தீர்களா, மேல்பாரம்தான் என்று ஸ்டாண்டுக்காரர்கள் அவருக்காகவே பேச ஆரம்பித்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். அந்த அம்மாள்கூடத் தலையசைத்துவிட்டார்.

"இன்னொன்னு இருக்குதுங்கம்மா. கொஞ்சம் குனிஞ்சி பாருங்க. அந்த உள் சக்கரத்த."

மூன்றாவதை ஓட்டினார். சக்கரம் எழும்பி உட்கார்ந்தது. அவர் காரை நிறுத்திவிட்டு, தடியை ஊன்றி எழுந்து, அன்றைக்கு முந்தின வளைவில் நடந்ததைச் சொன்னார். பஸ்ஸைப் பற்றியும் சொன்னார். கமான் பட்டையில் ஒன்றுமில்லை, வண்டியில் எந்தத் தப்பும் இல்லை என்று சொன்னபோது மட்டும் குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஸ்டாண்டுக்காரர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முந்திக்கொண்டு இறங்குவது எல்லோரும் செய்வதுதான்.

அம்மாள் கேட்டார்.

"அன்னிக்கி இத யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லங்கம்மா."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவறது. கை ஒடிஞ்சது எனக்கில்ல. அவ வூட்டுல சொல்லு. அவ உன் வண்டில ஏர்றேன்னா சாவி உனக்கு. ஏற மாட்டேன்னா நாளைக்கே அந்த சின்னசேலத்தாளுக்குக் குடுத்துடுவேன்."

பக்கத்து வீடுதான். அந்தப் பெண் வாசலில் இடது கையால் தினை புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தின் ஒரு விளிம்புக்கு வலது முழங்கையால் அண்டை கொடுத்திருந்தார். மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை. மச்சான் காரைக் காட்டவில்லை. கார் என் கையிலேயே இருந்தது. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். கடைக்கார அம்மாளிடம் சொன்னதைவிடக் குறைவான சொற்களில், எதையும் விடாமல். அந்தப் பெண் புடைப்பதை நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"வர்ற வெள்ளிக்கெயம கைய காட்டறதுக்கு கள்ளக்குறிச்சிக்குப் போவணும்," என்றார். "முன் சீட்டு எனக்கு. பக்கத்துல வேற ஆளு ஒக்காரக் கூடாது. மேல ஒரு மூட்ட இருந்தாலும் எறங்கிடுவேன்."

பொங்கல் கழிந்த அந்த வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன். வழக்கமாக அந்தத் தூரத்துக்கு ஆகும் நேரத்தைவிட முக்கால் மணி நேரம் பிந்தி ஜீப் வந்து நின்றது. மேல் கம்பியில் ஒன்றும் இல்லை. மச்சான் இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார். கால் லேசாகத்தான் இழுத்தது. பயணம் எப்படி இருந்தது என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"நடந்தே வந்திருந்தா டாக்டரப் பாத்துட்டு இந்நேரம் வூட்டுக்கே திரும்பியிருப்பேன்," என்றார் அவர். பிறகு மச்சானிடம், "சீட்டு எடுத்து, காட்டிட்டு வர நெரம்ப நேரம் ஆவும். போயிடாத. திரும்பறதும் இதுலதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் வெளியே வர மூன்று மணி நேரம் ஆனது. மச்சான் ஜீப்பை விட்டு நகரவில்லை.